கார்புரேட்டர் உண்மையில் என்ன செய்கிறது? (ஸ்லோவில் அணையும் 100 சிசி வண்டியை முன்வைத்து)

#1 கியர்நாலு

வணக்கம். 100 சிசி வண்டி, 2012 மாடல். காலையில் சோக்கு போட்டால்தான் கிளம்புகிறது, சோக்கை எடுத்தால் அணைந்துவிடும். சிக்னலில் ஸ்லோ ஸ்பீடு நிற்பதில்லை. ஆனால் 40, 50-இல் போகும்போது எந்தக் குறையும் இல்லை, பிக்கப்பும் சரியாக இருக்கிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவதற்கு முன் அது என்னதான் வேலை செய்கிறது என்று அடியிலிருந்து யாராவது சொல்லுங்களேன். தேடினால் வெஞ்சுரி படம் ஒன்றைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிவிடுகிறார்கள்.

#2 ஜெட்நீடில்

பம்ப் கிடையாது, கரண்டு கிடையாது. எஞ்சின் இழுக்கும் காற்று போகிற வழியில் ஓர் இடுக்கு (வெஞ்சுரி என்பது இதுதான்), அந்த இடுக்கில் ஒரு சின்ன ஓட்டை, ஓட்டைக்குக் கீழே பெட்ரோல் நிற்கும் ஒரு கிண்ணம். கார்புரேட்டர் அவ்வளவுதான். உள்ளே இருக்கும் மற்ற எல்லாச் சாமானும் இந்த மூன்றின் குறைகளைச் சரிக்கட்ட வந்தவை.

முதலில் அளவைப் பாருங்கள். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம். அதை எரிக்க 11 கிலோ காற்று, அதாவது நம் ஊர் வெயிலில் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல். உங்கள் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3000 தடவை காற்றை இழுக்கிறது. முழு ஆக்சிலேட்டரில்கூட ஒரு இழுப்புக்குப் போக வேண்டிய பெட்ரோல் சுமார் 0.01 சிசிதான். கண் மருந்து பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு 0.05 சிசி. அதில் ஐந்தில் ஒரு பங்கு! ஸ்லோவில் இதைவிடவும் கொஞ்சம். இந்த அளவை ஒவ்வொரு இழுப்பிலும் தப்பாமல் கொடுக்க வேண்டும், அதுவும் பொடிப்பொடியாகச் சிதறடித்து.

எப்படி வருகிறது? இடுக்கில் நுழையும் காற்றுக்கு வேகம் கூடும், வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலின் தலைக்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் (அளவாகத் துளையிட்ட பித்தளைத் திருகு) வழியாக மேலே தள்ளுகிறது. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று பேச்சுக்குச் சொல்லலாம், ஆனால் தள்ளுவது வெளிக்காற்று. கிண்ணத்துக்குக் காற்று வரும் வென்ட் குழாயில் குளவி மண் வைத்து அடைத்துவிட்டால் வண்டி ஏன் மூச்சுத் திணறுகிறது என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

கலவையும் எப்போதும் ஒன்றாக இருக்கக் கூடாது. முழு இழுவைக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.5, 13 பங்கு காற்று என்று கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) வேண்டும். சமதரையில் நிதானமாகப் போகும்போது 15-க்கு மேல் லீனாக (பெட்ரோல் குறைவாக) இருந்தாலும் ஓடும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலில் ஒரு பகுதிதான் ஆவியாகும், மீதி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சோக்கு போட்டுப் பல மடங்கு ரிச்சாக்குகிறோம்.

#3 பட்டறைக்காரன்

தம்பி, கார்ப் மாத்த வேண்டாம். 40-ல நல்லா ஓடுதுன்னா மெயின் ஜெட், நீடில், ஃப்ளோட் (கிண்ணத்துல இருக்குற மிதவை) எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பைலட் ஜெட் அடைச்சிருக்கும். இல்லன்னா கார்புக்கும் எஞ்சினுக்கும் நடுவுல எங்கயோ காத்து புகுது. ரெண்டுல ஒண்ணு.

#4 கியர்நாலு

நன்றி அண்ணே. ஆனால் வண்டியைப் பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள்?

#5 ஜெட்நீடில்

அவர் பார்த்தது எந்த ஆக்சிலேட்டர் திறப்பில் குறை வருகிறது என்பதை. கார்புரேட்டரில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ரகசியம் அதுதான், விரித்துச் சொல்கிறேன்.

#2-இல் சொன்ன ஒற்றை ஓட்டையை வைத்து வண்டி ஓட்ட முடியாது. ஆக்சிலேட்டரை மூடிய நிலையில் இடுக்கில் காற்றுக்கு வேகமே இல்லை, பெட்ரோல் மேலே ஏறாது. அதனால் ஸ்லோவுக்கென்று தனி வழி வைத்தார்கள். மூடிய வால்வுக்குப் பின்னால், எஞ்சின் பக்கம், வெற்றிடம் பலமாக இருக்கும். அங்கே ஊசிமுனை அளவு ஒரு துவாரம். பைலட் ஜெட் வழியாக வரும் பெட்ரோல், கொஞ்சம் காற்றோடு நுரைத்து அந்தத் துவாரத்தில் வெளிவருகிறது. அதை ஒட்டி பைபாஸ் துவாரம் ஒன்றோ இரண்டோ இருக்கும். வால்வு லேசாகத் திறந்ததும் அவையும் சேர்ந்துகொள்ளும்.

மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை ஆட்சி இந்தப் பைலட் வழியுடையது. எட்டில் ஒன்றிலிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் (ஆக்சிலேட்டர் கேபிள் தூக்கும் அந்த வால்வுதான் ஸ்லைடு) அடியில், ஏர் ஃபில்டர் பக்கம், சரிவாக வெட்டியிருக்கும் வெட்டு கலவையைத் தீர்மானிக்கும். வெட்டு பெரிதானால் லீன். காலிலிருந்து முக்கால் வரை ஜெட் நீடில். ஸ்லைடோடு தொங்கும் கூம்பு ஊசி அது. ஸ்லைடு ஏற ஏற ஊசியின் ஒல்லியான பகுதி நீடில் ஜெட்டுக்குள் வரும், சுற்றியுள்ள இடைவெளி பெரிதாகும், பெட்ரோல் கூடும். முக்காலுக்கு மேல் ஊசி தடையே இல்லை, கீழே இருக்கும் மெயின் ஜெட்டின் ஓட்டைதான் எல்லை.

இவை கதவு சாத்தி மாறுவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும். ஆனாலும் 100 சிசி வண்டி சமதரையில் 40-இல் போவது ஏறக்குறைய நீடில் ஆட்சியில். அங்கே குறையில்லை, மூடிய நிலையில் மட்டும் குறை. சோக்கு போட்டால், அதாவது ரிச்சாக்கினால், சரியாகிறது. ஆக ஸ்லோ வழியில் கலவை லீன். அதற்குக் காரணம் பெட்ரோல் குறைவு (பைலட் ஜெட் அடைப்பு) அல்லது காற்று அதிகம் (கார்பையும் எஞ்சினையும் இணைக்கும் குழாயான மேனிஃபோல்டில் கசிவு). பட்டறைக்காரன் அண்ணன் சொன்ன இரண்டும் இவைதான்.

ஒன்று விட்டுப்போனது: மெயின் வழியிலும் காற்று கலக்கிறது. மெயின் ஜெட்டைத் தாண்டி ஏறும் பெட்ரோலில், பக்கவாட்டில் துளை போட்ட குழாய் வழியே காற்றுக் குமிழிகள் நுழைந்து அதை நுரையாக்கும். நுரையாக வருவது இடுக்கில் சுலபமாகச் சிதறும். அந்தத் துளைகள் பிசினேறி அடைந்தால் பெட்ரோல் கெட்டிச் சொட்டாக வரும். மைலேஜ் குறையும், புகை வரும், ஜெட் நம்பர் மட்டும் சரியாக இருக்கும்! பலர் கழற்றிப் பார்க்காத இடம் அது.

#6 மலையேறி

எந்தத் திறப்பு என்று ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு வெள்ளை டேப், பக்கத்தில் அசையாத ஸ்விட்ச் பெட்டியில் இன்னொன்று. மூடிய நிலையில் இரண்டிலும் நேராக ஒரு கோடு. முழுதாகத் திருகி இன்னொரு கோடு. நடுவைக் கால், அரை, முக்காலாகப் பிரித்துக் குறியுங்கள். ஓட்டும்போது குறை வரும் இடத்தில் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஸ்பீடோமீட்டரை நம்ப வேண்டாம். ஏற்றத்தில் 30-இல் முக்கால் திறந்திருக்கும், இறக்கத்தில் 60-இல் மூடியிருக்கும்.

#7 இருவீச்சு

ஜெட்நீடில் சொன்ன கணக்கு ஸ்லைடு கார்புக்குத்தான் அப்படியே பொருந்தும். யமஹா ஆர்எக்ஸ்100-இல் வந்த மிக்குனி விஎம்20, பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350-இல் வந்த மிக்கார்ப் விஎம்24 மாதிரி. கேபிள் நேரே ஸ்லைடைத் தூக்கும், கை எவ்வளவோ ஸ்லைடு அவ்வளவு. பின்னால் வந்த யூசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றான) புல்லட் 350-இல் இருந்த பிஎஸ்29, பல 150 சிசி வண்டிகளின் கார்ப் எல்லாம் சிவி (இடுக்கில் காற்றின் வேகத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைக்கும்) வகை. அதில் கேபிள் ஒரு தட்டு வால்வை மட்டும் திறக்கும். ஸ்லைடை ஏற்றுவது வெற்றிடம். மேலே ரப்பர் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு), அதன் மேலறைக்கு இடுக்கின் குறைந்த அழுத்தம் ஸ்லைடின் அடித்துளை வழியாகப் போகும். கீழறையில் வெளிக்காற்று. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவே ஸ்லைடு ஏறும்.

லாபம் என்னவென்றால், சட்டென்று முறுக்கினாலும் திணறாது. ஸ்லைடு கார்பில் டக்கென்று முழுசாகத் திறந்தால் காற்று உடனே பாயும், பெட்ரோல் கனமானது, பின்தங்கும், ஒரு நொடி எஞ்சின் 'க்ளக்' என்று விழும். சிவியில் ஸ்லைடு நிதானமாக ஏறுவதால் அந்தச் சண்டை இல்லை.

நஷ்டம், டயஃப்ரத்தில் ஊசி ஓட்டை விழுந்தால் தீர்ந்தது. ஸ்லோ அருமையாக இருக்கும், எவ்வளவு முறுக்கினாலும் வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போகாது. மேல்மூடியைக் கழற்றி, டயஃப்ரத்தை வெளிச்சத்துக்கு நேரே லேசாக இழுத்துப் பிடித்தால் தெரிந்துவிடும்.

இரண்டு ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: உங்களுக்கு லீன் என்பது ஸ்டார்ட்டிங் தொந்தரவோடு நிற்காது. முழு வேகத்தில் கலவை லீனானால் சூடு ஏறி, பிஸ்டன் சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மெயின் ஜெட்டில் கொஞ்சம் ரிச் பக்கம் இருப்பதே பாதுகாப்பு.

#8 கியர்நாலு

புரிகிறது. என்னுடையது ஸ்லைடு வகைதான், கேபிள் மேலே வட்ட மூடிக்குள் போகிறது. நானே கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

#9 பட்டறைக்காரன்

செய்யலாம். அரை நாள் வேலை. ஆனா கழட்டுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. பிளக் நல்லா இருக்கா, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கா, டேப்பட் கேப் (எஞ்சின் வால்வுத் தலையில விடுற இடைவெளி) சரியா இருக்கா. டேப்பட் இறுக்கமா இருந்தா சூடானதும் ஸ்லோ நிக்காது. கார்பைப் பத்து தடவை கழுவுனாலும் நிக்காது. பாதிப் பேரு கார்பைத் திட்டுறது இந்தக் கேஸுலதான்.

அப்புறம் காத்துக் கசிவு. எஞ்சினை ஸ்லோவுல ஓட விட்டு (நிக்கலன்னா லேசா ரேஸ் புடிச்சு) கார்பும் மேனிஃபோல்டும் சேர்ற இடம், மேனிஃபோல்டும் ஹெட்டும் சேர்ற இடம், ரெண்டுலயும் ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிங்க. சத்தம் மாறுச்சுன்னா அங்கதான் ஓட்டை. சில பேரு பெட்ரோல் அடிச்சுப் பாப்பாங்க. சூடான சைலன்சர் பக்கத்துல அதைச் செய்யாதீங்க.

இப்ப கழட்டுற வேலை. காத்தோட்டமான இடம், பக்கத்துல விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் கூடாது.

பெட்ரோல் டேப்பை மூடுங்க. கிண்ணத்து அடியில இருக்குற டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளத்தி, உள்ள இருக்குறதை ஒரு கண்ணாடி டம்ளர்ல புடிங்க. கீழ தண்ணி உருண்டை உருண்டையா நின்னா, இல்ல துரு மண்ணு இருந்தா, டேங்குக்கும் வேலை இருக்கு. கார்பை மட்டும் கழுவி மாட்டுனா ஒரு வாரத்துல திரும்ப அடைக்கும்.

மேல்மூடியைத் திருகி ஸ்லைடை கேபிளோட வெளிய எடுங்க. நீடிலை வளைச்சுராதீங்க. ஒரு துணில சுத்தி ஓரமா தொங்க விடுங்க. ரெண்டு போல்டை எடுத்தா கார்ப் கையில வந்துரும்.

கிண்ணத்து ஸ்க்ரூ ஜப்பான் மாடல் பிளஸ் தலை. சாதாரண பிளஸ் டிரைவர் அதுல முழுசா உக்காராது, தலையை வழிச்சுரும். சரியான முனை வாங்குங்க. இறுகியிருந்தா ஒரே நேர்ல ஒரு தட்டு தட்டிட்டுத் திருகுங்க.

கிண்ணத்தைத் திறந்தா ஃப்ளோட்டு. அதோட பின்னை மெல்ல தள்ளி எடுங்க. பின்னைத் தாங்குற காலு ஒடைஞ்சா பாடியே போச்சு. ஃப்ளோட்டோட ஒரு குட்டி ஊசி தொங்கும், அதான் ஃப்ளோட் நீடில். அதோட கூம்பு முனையில வளையமா தேஞ்ச கோடு இருந்தா மாத்திருங்க. ஃப்ளோட்டைக் காதுகிட்ட ஆட்டிப் பாருங்க, உள்ள சலசலன்னா ஓட்டை.

நடுவுல பெருசா இருக்குறது மெயின் ஜெட், பக்கத்துல குழிக்குள்ள ஒல்லியா இருக்குறது பைலட் ஜெட். பித்தளை மெத்துன்னு இருக்கும். காடி முழுசா அடைக்கிற அளவு தட்டை டிரைவர்தான் போடணும். பைலட் ஸ்க்ரூவை (ஸ்லோக் கலவையைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ) கழட்டுறதுக்கு முன்னாடி, உள்பக்கமா மெதுவா திருகி எத்தனை சுத்துல உக்காருதுன்னு எண்ணி எழுதி வச்சுக்குங்க. அந்த நம்பர் இல்லாம பிரிக்கவே கூடாது. உக்காந்த பிறகு இறுக்காதீங்க, முனை உடைஞ்சு துவாரத்துக்குள்ள மாட்டிக்கும். அந்த ஸ்க்ரூவுக்கு அடியில ஸ்ப்ரிங், குட்டி வாஷர், கண்ணுக்குத் தெரியாத ஓ-ரிங்னு வரிசையா இருக்கும். வெள்ளைத் துணி விரிச்சு வேலை செய்யுங்க.

ரப்பர் எல்லாத்தையும் எடுத்த பிறகுதான் கார்ப் கிளீனர் அடிக்கணும். கிளீனர் பட்டா ஓ-ரிங் ஊதிரும், காடிக்குள்ள உக்காராது. ஒவ்வொரு வழியிலயும் ஸ்ட்ராவை வச்சு அடிச்சு, அந்தப் பக்கம் எங்க வருதுன்னு பாருங்க. பைலட் வழியில அடிச்சா வெஞ்சுரிக்குள்ள இருக்குற சின்னத் துவாரங்கள்ல பீச்சணும். பீச்சலன்னா இன்னும் அடைப்பு இருக்குன்னு அர்த்தம். பிறகு காத்து. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்குங்க, கிளீனர் திரும்பி முகத்துலதான் அடிக்கும்.

ஜெட்டுக்குள்ள கம்பி, ஊசி, பின்னு எதுவும் விடக் கூடாது. பைலட் ஜெட் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கம்பி உரசி ஒரு நூலு பெருசானாலும் நம்பர் மாறுன மாதிரி. தூண்டில் நைலான் நரம்பு ஒண்ணை வெட்டி விடுங்க, அது பித்தளையைக் கீறாது. வெளிச்சத்துக்கு நேர புடிச்சா ஓட்டை முழு வட்டமா தெரியணும்.

#10 ஜெட்நீடில்

அருமை. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன்: திரும்ப மாட்டும்போது ஸ்லைடின் வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும், பக்கவாட்டுக் காடி உள்ளே இருக்கும் பின்னில் உட்கார வேண்டும். திருப்பி மாட்டினால் ஸ்லைடு முழுதாக இறங்காது, கிக் அடித்ததும் எஞ்சின் அலறிக்கொண்டு ரேஸ் பிடிக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்சிலேட்டரைத் திருகி விட்டு, 'டக்' என்று மூடும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாக ஒடித்தும் பாருங்கள்.

#11 இருவீச்சு

பைலட் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் ரிச் என்றும் சொல்லிவிடுங்கள். உள்ளே திருகினால் ரிச். அதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் பாதிப் பேர் இங்கே வந்து கேட்கிறார்கள்.

#12 ஜெட்நீடில்

அங்கேதான் தகராறு. உங்கள் விஎம்20-க்கு அது சரி, எல்லா கார்புக்கும் சரியில்லை. ஸ்க்ரூ ஸ்லைடுக்கு முன்னால், ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது. உள்ளே திருகினால் காற்று குறையும், ரிச். ஸ்க்ரூ ஸ்லைடுக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் இருந்தால் அது நுரைத்த கலவையை அளக்கிறது. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், லீன். சிவி கார்ப் பலவற்றில் இரண்டாவது வகைதான், அதிலும் சிலவற்றில் ஸ்க்ரூவின் மேல் பித்தளை மூடி அடித்திருப்பார்கள். வண்டிப் பெயரைக் கேட்டுவிட்டுச் சொல்வதைவிட, ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதே நல்லது.

#13 இருவீச்சு

ஒத்துக்கொள்கிறேன். 'மிக்குனி விஎம் வகையில்' என்று திருத்தி வாசிக்கவும்.

#14 கியர்நாலு

ட்யூனிங் எப்படிச் செய்வது? மைலேஜ் வேண்டுமென்றால் ஸ்க்ரூவை லீன் பக்கம் இறுக்கிவிடு என்கிறார்களே?

#15 பட்டறைக்காரன்

மைலேஜுக்கும் அந்த ஸ்க்ரூவுக்கும் அவ்வளவு சம்பந்தம் கிடையாது. #5-ஐத் திரும்பப் படிங்க. நீங்க ரோட்டுல 40-ல போறப்ப பெட்ரோல் குடுக்குறது நீடில். ஸ்க்ரூவை இறுக்குனா சிக்னல்ல அணையும், ஆக்சிலேட்டர் திறக்குறப்ப திணறும். திணறுதுன்னு நீங்க இன்னும் முறுக்குவீங்க, மைலேஜ் இன்னும் குறையும். மைலேஜ் வேணுமா? டயர்ல காத்து, செயின்ல எண்ணெய், ஒட்டாத பிரேக், சுத்தமான ஏர் ஃபில்டர்.

ட்யூனிங் இப்படி. பத்து நிமிஷம் ஓட்டி எஞ்சினை நல்லா சூடாக்குங்க. குளிர்ல ட்யூன் பண்ணா சூட்டுல ரிச்சாயிரும். ஸ்க்ரூவை மெதுவா உக்கார வச்சு, எழுதி வச்ச நம்பர் அளவு வெளிய எடுங்க. நம்பர் இல்லன்னா ஒண்ணரைல ஆரம்பிங்க. ஐடில் ஸ்க்ரூவை (ஸ்லோ ஸ்பீடை ஏத்தி இறக்குற ஸ்க்ரூ) வச்சு 1400 ஆர்பிஎம் பக்கத்துல நிறுத்துங்க (சின்ன ஹோண்டா வழி எஞ்சின்களுக்கு 1400, கூடக் குறைய 100). இப்ப பைலட் ஸ்க்ரூவைக் கால் சுத்து, கால் சுத்தா திருப்பணும். ஒவ்வொரு தடவையும் அஞ்சாறு செகண்டு பொறுத்து சத்தத்தைக் கேளுங்க. ஆர்பிஎம் ஏறி ஒரு இடத்துல உச்சத்துல நிக்கும், தாண்டுனா இறங்கும். உச்சத்துல விட்டுட்டு, ஐடில் ஸ்க்ரூவால திரும்ப 1400-க்கு இறக்குங்க. இன்னொரு தடவை அதையே செஞ்சா முடிஞ்சுது.

உச்சம் அரை சுத்துக்குள்ளயே வந்துருச்சுன்னா, இல்ல மூணு சுத்து தாண்டியும் வரலன்னா, பைலட் ஜெட் சரியில்லைன்னு அர்த்தம். அடைப்பு, தப்பான நம்பர், இல்லன்னா காத்துக் கசிவு. ஸ்க்ரூவால அதைச் சரிக்கட்டப் பாக்காதீங்க.

#16 மலையேறி

நீடில் பற்றியும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தலைப்பக்கம் நாலைந்து காடி இருக்கும், ஒன்றில் கிளிப். கிளிப்பை மேல் காடிக்கு மாற்றினால் நீடில் கீழே இறங்கும், லீன். கீழ் காடிக்கு மாற்றினால் நீடில் ஏறும், ரிச். மேலே ஏற்றியது கிளிப்பை, இறங்கியது ஊசி. ஒரு தடவைக்கு ஒரு காடி மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். கிளிப் காடி இல்லாத ஊசியென்றால், அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்றை அடியில் வைத்து உயர்த்தலாம்.

#17 சங்குச்சக்கரம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இரவு நிறுத்தினால் காலையில் வண்டிக்கு அடியில் பெட்ரோல் வாசனை, ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டு. இதற்கும் ஜெட்தான் காரணமா?

#18 பட்டறைக்காரன்

இல்ல. கிண்ணத்துல பெட்ரோல் மட்டம் ஏறுனா ஃப்ளோட்டு மிதந்து ஃப்ளோட் நீடிலைத் தள்ளி வழியை மூடணும், வீட்டு மேல்தொட்டியில பந்து வால்வு மாதிரி. நீடில் முனை தேஞ்சிருக்கும், இல்ல அந்த முனை உக்கார்ற சீட்டுல ஒரு மண்ணு சிக்கியிருக்கும், இல்ல ஃப்ளோட்டு ஓட்டையாகி மூழ்கியிருக்கும். இன்னைக்கு ராத்திரியில இருந்து டேப்பை மூடிட்டுப் படுங்க.

அதைவிட முக்கியம்: ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க. மட்டம் ஏறியிருந்தா, பெட்ரோல் வாசனை வந்தா, வழிஞ்சது எஞ்சினுக்குள்ள இறங்கி ஆயிலைத் தண்ணியாக்கிருச்சு. ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆயிலை மாத்திட்டு, கார்பைச் சரிபண்ணிட்டு, பிறகு கிக்கரைத் தொடுங்க.

#19 ஜெட்நீடில்

புது ஃப்ளோட் நீடில் போட்ட பிறகு ஃப்ளோட் உயரம் பார்க்காமல் மூடாதீர்கள், சங்குச்சக்கரம். கார்பைச் சாய்த்து, ஃப்ளோட்டின் நாக்கு நீடிலின் தலையில் இருக்கும் ஸ்பிரிங் முனையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் நிலையில் அளக்க வேண்டும். கவிழ்த்துப் போட்டால் ஃப்ளோட்டின் எடை ஸ்பிரிங்கை அமுக்கி, தப்பான அளவு வரும். எத்தனை மி.மீ. என்பது கார்புக்கு கார்ப் மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும். நாக்கை வளைத்துச் சரிசெய்வது பித்தளை நாக்கு உள்ளவற்றில்தான், முழுப் பிளாஸ்டிக் ஃப்ளோட்டில் நாக்கு வளையாது, உடையும். மட்டம் கூடினால் எல்லாத் திறப்பிலும் ரிச், குறைந்தால் எல்லாத் திறப்பிலும் லீன். எந்த ஸ்க்ரூவும் இதைச் சரிக்கட்டாது.

#20 இருவீச்சு

பெட்ரோல் இப்போது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. கார்ப் வண்டிக்கு ஜெட் மாற்ற வேண்டுமா? 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது பெரும்பாலான வண்டிகள் இன்ஜெக்ஷனுக்குப் போய்விட்டன. அவற்றில் ஆக்சிஜன் சென்சார் கலவையைச் சரிக்கட்டிக்கொள்கிறது. நம் கார்புக்கு மூளை ஏது?

#21 மலையேறி

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுத்த எத்தனால் எரிய 9 பங்கு காற்று போதும். பெட்ரோலுக்கு 14.7. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் தேவை 13.5 அளவுக்கு இறங்குகிறது. கார்ப் முன்பு கொடுத்த அளவையே கொடுக்கும், ஆக வண்டி சுமார் 8 சதவீதம் லீனாக ஓடுகிறது. புகைக் கட்டுப்பாட்டுக்காக ஏற்கெனவே லீன் பக்கம் வைத்து வந்த வண்டிகளில் இது தெரியும்: காலையில் சோக்கு அதிக நேரம் வேண்டும், மூடும்போது சைலன்சரில் பட்பட் சத்தம், மெதுவாகப் போகையில் லேசான ஜெர்க். இந்தக் குறைகள் இல்லையென்றால் ஒன்றையும் தொடாதீர்கள்.

இருந்தால் முதலில் பைலட் ஸ்க்ரூ கால் சுற்று, அடுத்து நீடில் ஒரு காடி. கடைசியில்தான் மெயின் ஜெட். கெய்ஹின் கம்பெனி ஜெட்டில் நம்பர் ஓட்டையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. 78 என்றால் 0.78 மி.மீ. 78-இலிருந்து 80 என்றால் பரப்பு 5 சதவீதம் கூடும், 82 என்றால் 10. மிக்குனியின் அறுகோண ஜெட்டில் நம்பர் ஓட்ட அளவைக் குறிக்கும், இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

மலைக்கு இது தலைகீழ். ஊட்டி 2240 மீட்டர், காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட சுமார் 20 சதவீதம் குறைவு. கலவை 20 சதவீதம் ரிச்சாகாது. இடுக்கில் விழும் காற்று, பெட்ரோல் இரண்டும் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தோடு போவதால், கலவை மாறுவது அடர்த்தியின் வர்க்கமூல அளவில்தான், 10 சதவீதத்தைச் சுற்றி. கடற்கரையில் 13-இல் இருந்தது மேலே 11.6-க்கு வரும். இரண்டு நாள் சுற்றுலாவுக்கு ஜெட் மாற்ற வேண்டாம். இழுவை குறைந்ததற்குக் காற்றுக் குறைவே பெரிய காரணம், அதை எந்த ஜெட்டும் தராது.

#22 ஜெட்நீடில்

இ20-இல் கலவையைவிட நிறுத்தி வைப்பதுதான் எனக்குக் கவலை. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும். அலுமினியக் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூப்பது அதனால்தான், அந்தப் பொடி முதலில் அடைப்பது பைலட் ஜெட்டை. ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்குமென்றால் டேப்பை மூடி, டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

#23 கியர்நாலு

கழற்றியாகிவிட்டது. பைலட் ஜெட்டில் வெளிச்சமே தெரியவில்லை, கிளீனரும் நைலான் நரம்பும் போட்ட பிறகு முழு வட்டம் தெரிகிறது. மேனிஃபோல்டு ஓ-ரிங்கும் தட்டையாகிக் காடிக்குள் அமுங்கியிருந்தது, புதிது போட்டேன். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம். உச்சம் ஒன்றே முக்கால் சுற்றில் வந்தது, ஸ்லோ 1400-இல் நிற்கிறது, சோக்கு அரை நிமிடம் போதும். ஒரு சந்தேகம்: மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் இரண்டு மூன்று 'பட்' கேட்கிறது.

#24 பட்டறைக்காரன்

முதல்ல சைலன்சர் ஹெட்டுல சேர்ற இடத்துல கேஸ்கெட் பாருங்க. கரிக்கோடு இருந்தா அங்க காத்து புகுந்து உள்ளயே வெடிக்குது, கார்புக்குச் சம்பந்தம் இல்ல. ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி சமமா இறுக்குங்க. அது சரியா இருந்தா பைலட் ஸ்க்ரூவைக் கால் சுத்து உள்ள விடுங்க, உங்களது காத்து ஸ்க்ரூ, உள்ளதான் ரிச். அதுக்கு மேல திருகாதீங்க. 300 கிலோமீட்டர் ஓட்டிட்டுப் பிளக்கைக் கழட்டி, நடு பீங்கான் நிறத்தை இங்க எழுதுங்க.

#25 ஜெட்நீடில்

பிளக்கைக் கழற்றும் நாளில் கிண்ணத்தின் டிரெய்ன் ஸ்க்ரூவையும் ஒரு தடவை திறந்து, டம்ளரில் பிடித்துப் பாருங்கள். ஜெட்டை அடைத்த மண் டேங்கிலிருந்து வந்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.